அறிக்கையில் நான்கு வைரஸ்கள், பன்றிகளையெல்லாம் விற்றுவிடலாமா?

மேற்கு மாவட்டம் ஒன்றில் வெண்பன்றிப் பண்ணை நடத்தும் பெண்மணி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பனியன் கம்பெனியில் 12 ஆண்டுகள் தையல் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு வங்கிக் கடனும் வாங்கி, கணவரும் அவருமாகத் தொடங்கிய பண்ணை அது. இப்போது 18 தாய்ப்பன்றிகள். குட்டி ஈனுவதற்கென்று ஆறு அறைகள். கடந்த மூன்று மாதத்தில் 11 பன்றிகள் ஈன்றன. உயிரோடு பிறந்த குட்டிகள் 108. அவற்றில் ஏழு ஈற்றுக் குட்டிகளுக்கு எட்டாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் மஞ்சள் நிறத் தண்ணீர்க் கழிச்சல் கண்டு, 19 குட்டிகள் இறந்துவிட்டன. பிழைத்தவையும் தேறாமல் எலும்பும் தோலுமாக நிற்கின்றன. தாய்ப்பன்றிகளுக்கு ஒன்றுமில்லை, வழக்கம்போலத் தின்கின்றன.

உறவினர் ஒருவர் மூலம் ஐந்து குட்டிகளின் சாணத்தை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பிசிஆர் பரிசோதனை செய்திருக்கிறார்கள். ரோட்டா, ஆஸ்ட்ரோ, கோபு, சப்போ என்று நான்கு வைரஸ்கள் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. ரோட்டா வைரஸின் மரபணு வகை 'ஜி4 பி6' என்று கீழே ஒரு வரி. அந்த அறிக்கையின் நகலோடு, பண்ணை நோட்டின் சில பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கேள்விகள் பல. நான்கு வைரஸ் புகுந்த பண்ணையில் இனி எது தங்கும், எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா? வெளிநாட்டுத் தடுப்பூசி வரவழைக்க முடியுமா? இறந்த குட்டியின் குடலை அரைத்துச் சினைப்பன்றிக்குக் கொடுத்தால் நோய் வராது என்று காணொளியில் சொல்கிறார்களே, செய்யலாமா? ஐந்து மாதத்துக்கு முன் சினையாக வாங்கிவந்த நான்கு இளம் பன்றிகள்தான் நோயைக் கொண்டுவந்தன என்று கணவர் உறுதியாக இருக்கிறார். விற்றவரிடம் இழப்பீடு கேட்கலாமா? வீட்டில் நாத்தனார் ஏழு மாதக் கர்ப்பிணி, அவருக்கு இரண்டு வயதில் ஒரு மகன். அவர்களுக்கு ஆபத்து உண்டா?

சகோதரி, விற்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இந்த வாரம் தரகர் யாரையும் பண்ணைக்குள் விடாமல் இருந்தாலே போதும்.

பெயர்ப்பட்டியல் வேறு, குற்றப்பத்திரிகை வேறு

உங்களைத் தூங்கவிடாமல் செய்தது 'நான்கு' என்ற எண் என்று கடிதத்தைப் படித்தபோது தெரிந்தது. அந்த எண்ணைக் கண்டு நான் பயப்படவில்லை. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நெருக்கமாக வளர்க்கப்படும் பண்ணைக் குட்டிகளின் சாணத்தில் எந்தெந்த வைரஸ்கள் இருக்கின்றன என்று மரபணுவை முழுவதுமாகப் படித்துப் பார்த்தார்கள். கழிச்சல் இருந்த குட்டியில் சராசரியாக 5.4 வகைப் பாலூட்டி வைரஸ்கள். ஓடி விளையாடிக்கொண்டிருந்த நல்ல குட்டியில்? 4.2. உங்கள் நோயாளிக் குட்டிகளில் கண்ட எண்ணிக்கை, அங்கே நலமாக இருந்த குட்டியில் கண்ட எண்ணிக்கைதான்.

பன்றியின் குடல் வெறும் குழாய் அல்ல, அது ஒரு சந்தை. கூட்டமாக வளரும் எந்தப் பன்றியின் சாணத்தை எடுத்துச் சோதித்தாலும் இந்தப் பெயர்களில் சில வரும். பன்றிக் கோபு வைரஸ் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே ஹங்கேரியில் நோய் எதுவுமில்லாத குட்டிகளின் சாணத்தில்தான். 2008இல் அதை அறிவித்தார்கள். பன்றி ஆஸ்ட்ரோ வைரஸில் ஐந்து தனித்தனி வம்சங்கள் இருக்கின்றன. நல்ல பன்றி, நோயுற்ற பன்றி என்று பாராமல் இரண்டிலும் கிடைக்கின்றன. எல்லாமே சாதுக்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்ட்ரோவின் மூன்றாம் வம்சம் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கிப் பின்னங்கால் இழுத்துக்கொண்ட பன்றிகளில் காணப்பட்டிருக்கிறது. ஆனாலும் 'இருக்கிறது' என்பதிலிருந்து 'இதுதான் கொன்றது' என்பதற்கு ஒரே தாவலில் போகக் கூடாது.

உங்கள் அறிக்கையில் ஒரு குறை கண்ணில் பட்டது. அனுப்பிய ஐந்தும் கழிச்சல் கண்ட குட்டிகளின் சாணம். பக்கத்து அறையில் கழிச்சலே இல்லாமல் நான்கு ஈற்றுக் குட்டிகள் இருந்தனவே, அவற்றிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை. நல்லதையும் சோதித்திருந்தால்தான் எது எல்லாக் குட்டிகளிலும் இருக்கிறது, எது நோயுற்றவற்றில் மட்டும் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

என்றாலும் அறிக்கையில் ஒரு துப்பு இருக்கிறது. வைரஸ் பெயருக்கு எதிரே 'சிடி' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மரபணுவை எத்தனை சுற்று இரட்டிப்பாக்கிய பிறகு கருவிக்கு அது தென்பட்டது என்பதுதான் அந்த எண். எண் குறைந்தால் வைரஸ் அதிகம். உங்கள் ரோட்டா எண்கள் 17ஐ ஒட்டி இருக்கின்றன; ஆஸ்ட்ரோ 33, சப்போ 34. பதினாறு சுற்று வித்தியாசம் என்றால் இரண்டைப் பதினாறு முறை பெருக்கிக்கொள்ளுங்கள்: 65,536 மடங்கு. வெவ்வேறு வைரஸுக்கு வெவ்வேறு பரிசோதனை என்பதால் இந்தக் கணக்கை அப்படியே தராசில் வைக்கக் கூடாதுதான். ஆனாலும் எது ஆட்சி செய்கிறது, எது ஓரமாக நிற்கிறது என்று காட்ட இது போதும். இப்போதைக்கு என் சந்தேகம் ரோட்டாவின் மேல். அதுவும் சந்தேகம் மட்டும்தான்.

அறிக்கையின் மிக நல்ல வரியை நீங்கள் கவனிக்கவே இல்லை. பன்றிகளுக்குக் கழிச்சல் தரும் பிஇடி, டிஜிஇ, டெல்டா ஆகிய மூன்று கொரோனா வைரஸ்களும் இல்லை என்று அது சொல்கிறது. பிஇடி 2013இல் அமெரிக்காவுக்குள் புகுந்து ஓராண்டுக்குள் 70 லட்சம் குட்டிகளுக்கு மேல் கொன்றது. அது வந்த பண்ணையில் தாய், குட்டி எல்லாம் ஒரே வாரத்தில் கழியும், வாந்தி எடுக்கும், ஒரு வாரம் நிறையாத குட்டிகளில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. உங்கள் பண்ணையில் அப்படி நடக்கவில்லை.

உங்கள் நோட்டு சொல்வது

என்னைக் கேட்டால் அந்த ஆய்வக அறிக்கையைவிட உங்கள் நோட்டு மதிப்புள்ளது. அறை எண், தாயின் எண், ஈன்ற தேதி, கழிச்சல் கண்ட தேதி, இறந்த தேதி என்று வரிவரியாக எழுதியிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளில் இப்படி நோட்டு வைத்திருந்த பண்ணைகளை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

அந்தப் பக்கங்களை வைத்து ஒரு தாளில் ஆறு கட்டங்கள் வரைந்து பார்த்தேன். முதல் சுற்றில் ஒன்று முதல் நான்காம் அறை வரை புதிதாக வாங்கிய இளம் பன்றிகள். ஐந்து, ஆறாம் அறைகளில் பழைய பன்றிகள். இளம் பன்றிகளின் நான்கு ஈற்றுகளிலும் கழிச்சல். பழைய பன்றிகளின் இரண்டு ஈற்றுகளிலும் இல்லை. 42ஆம் நாள் குட்டிகளைப் பிரித்த பிறகு இரண்டாம் சுற்று. தரை பெயர்ந்துவிட்டதால் நான்காம் அறையைச் சும்மா விட்டிருக்கிறீர்கள். மற்ற ஐந்திலும் பழைய பன்றிகளே ஈன்றன. ஒன்று, இரண்டு, மூன்றாம் அறைகளில் கழிச்சல் வந்தது. ஐந்திலும் ஆறிலும் வரவில்லை.

இரண்டாம் சுற்றில் ஐந்து தாய்களும் பழையவை, தீவனம் ஒன்று, தண்ணீர் ஒன்று. வித்தியாசம் அறையில்தான். முதல் சுற்றுக் கழிச்சல் எந்தத் தரையில் ஓடியதோ அந்தத் தரையில் பிறந்த குட்டிகளுக்குத்தான் மறுபடியும் வந்திருக்கிறது. உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது: 'ஒன்றாம் அறை கழுவி பிளீச்சிங் போட்டோம், மறுநாள் 7ஆம் எண் உள்ளே.' அந்த 'மறுநாள்' என்ற சொல்லில்தான் நோய் இருக்கிறது.

ரோட்டா வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. உறையுள்ள கொரோனா வைரஸ் சோப்புத் தண்ணீருக்கே சாகும். இது அப்படியல்ல, சாணத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாணம் ஒட்டியிருக்கும் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் அது சாணத்தோடு சண்டை போட்டே வீரியம் இழந்துவிடும்; விரிசலுக்குள் இருக்கும் வைரஸை எட்டாது.

இளம் பன்றிகளின் குட்டிகள் ஏன் முதலில் விழுந்தன என்பதற்கும் விடை இருக்கிறது. பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் பொருள் கருவுக்குப் போவதில்லை. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது, கிடைப்பதெல்லாம் சீம்பாலில்தான். அதுவும் முதல் நாள் முடியும்போது குடல் அந்தக் கதவைச் சாத்திவிடும். அதற்குப் பிறகு தாய்ப்பாலில் வரும் எதிர்ப்புப் பொருள் குடலின் உட்புறத்தில் ஒரு பூச்சுப்போல நின்று காக்கும். தாய் எந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்திருக்கிறதோ அதற்குத்தான் அதன் பாலில் மருந்து இருக்கும். மூன்று நான்கு முறை உங்கள் பண்ணையில் ஈன்ற பன்றி உங்கள் பண்ணைக் கிருமிகளையெல்லாம் பார்த்துப் பழகியது. புதிதாக வந்ததோ வேற்றூர்ப் பெண்; இந்த ஊர்த் தண்ணீர் அதற்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இதனால்தான் விற்க வேண்டாம் என்றேன். உங்கள் வயதான பன்றிகள்தான் உங்களிடம் இருக்கும் தடுப்பூசி. அவற்றை விற்றுவிட்டு 18 இளம் பன்றிகளை வாங்கி இதே அறைகளில் விட்டால், நான்கு ஈற்றில் நடந்தது பதினெட்டு ஈற்றிலும் நடக்கும்.

யாரும் தேடாத ஒருவன்

எட்டாம் நாள் முதல் பன்னிரண்டாம் நாள் வரை என்ற கணக்கைப் படித்ததும் எனக்கு வைரஸுக்கு முன்னால் நினைவுக்கு வந்தது காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி. பன்றிக் குட்டிகளில் அது இரண்டாம் வாரத்து நோய். மஞ்சளாக, முதலில் பசைபோல, பிறகு தண்ணீராகக் கழியும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் அசையாது. குட்டிகளுக்காக நாம் பல்பு போட்டு வைத்திருக்கும் அந்த வெதுவெதுப்பே அதன் முட்டைக்கும் பிடித்தமான சூடு. பெரும்பாலான கிருமிநாசினிகளுக்கு அது மசியாது. அறை விட்டு அறை தாவாமல் ஒரே அறையில் திரும்பத் திரும்ப வருவதும் அதன் குணம்தான்.

நான்கு வைரஸ்களைத் தேடிய ஆய்வகம் இந்த ஒட்டுண்ணியைத் தேடவில்லை, ஏனென்றால் யாரும் தேடச் சொல்லவில்லை. பிசிஆர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் கருவி. ரோட்டாவிலும் ஏ வகையை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். பன்றிக்கு பி, சி வகைகளும் வரும். ஒன்றுக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி மற்றொன்றைக் காக்காது. ரோட்டாவும் காக்சிடியாவும் சேர்ந்தே வந்து குடலைப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. அப்போது சாவு கூடும்.

இறந்த குட்டியை அறுத்துப் பார்த்தபோது 'குடல் முழுவதும் கரைந்திருந்தது, பயங்கரமான வைரஸ்' என்று உதவியாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குட்டி இரவே இறந்து காலைவரை கிடந்தது. நம் வெயிலில் இறந்த குட்டியின் குடல் ஓரிரு மணி நேரத்தில் தானாகவே கரையும். அதில் படிக்க எதுவும் மிஞ்சாது. மாணவர்களுக்கு நான் காட்டும் முறை எளியது. இறந்த சில நிமிடங்களுக்குள் நடுச் சிறுகுடலில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, நீளவாக்கில் பிளந்து, மெதுவாக அலசி, கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். சாதாரணக் கைலென்ஸ் போதும். நல்ல குடல் என்றால் உட்புறம் துவாலைத் துணியின் பூப்போல நூல்நூலாக அசையும். அவை குடல் உறிஞ்சிகள். பால் உடலில் சேர்வது அவற்றின் வழியாகத்தான். ரோட்டாவோ பிஇடியோ காக்சிடியாவோ தின்ற குடலில் அந்தப் பூ உதிர்ந்து, பழைய துவாலைபோல வழவழவென்று இருக்கும். குடித்த பால் செரிக்காமல் புளித்துத் தண்ணீராக வெளியே வரும்.

அந்தப் புளிப்பே ஒரு சோதனை. நீல லிட்மஸ் தாளைப் புதுக் கழிச்சலில் தொட்டுப் பாருங்கள். சிவந்தால் பால் செரியாத கழிச்சல். சிவக்காமல், சிவப்புத் தாள் நீலமானால் ஈகோலை பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். அது பெரும்பாலும் முதல் நான்கைந்து நாளிலேயே வரும். ரோட்டாவையும் காக்சிடியாவையும் லிட்மஸ் பிரித்துக் காட்டாது. அதற்கு நுண்ணோக்கி வேண்டும்.

ஜி4 பி6 என்ற அந்த வரி

'புதிதாக உருமாறிய வைரஸ்' என்று அதை யாரோ உங்களுக்கு விளக்கியிருக்கிறார்கள். அப்படியல்ல. ரோட்டா வைரஸின் வெளி ஓட்டில் இரண்டு புரதங்கள். ஒன்றின் வகையை 'ஜி' எண்ணாலும் மற்றொன்றின் வகையை 'பி' எண்ணாலும் குறிப்பார்கள். வண்டிக்கு மாவட்ட எண்ணும் வரிசை எண்ணும் போல. ஜி4, பி6 இரண்டுமே பன்றிகளில் உலகெங்கும் அடிக்கடி காணப்படுபவை. ஜி3, ஜி5, ஜி9, பி7, பி13 ஆகியவையும் அப்படித்தான்.

இத்தனை வகை எப்படி வந்தன என்பது சுவையான கதை. ரோட்டாவின் மரபணு ஒரே நூலாக இல்லை; 11 துண்டுகளாக இருக்கிறது. ஒரே குடல் உயிரணுவுக்குள் இரண்டு வகை ரோட்டாக்கள் ஒரே நேரத்தில் நுழைந்தால், வெளியே வரும் குஞ்சுகள் இரண்டின் துண்டுகளையும் கலந்து எடுத்துக்கொண்டு வரலாம். கணக்குப் போட்டால் 2,048 விதமான சேர்க்கைகள். நமக்கு அருகிலேயே சான்று இருக்கிறது: இந்தியாவில் உருவான ரோட்டாவேக் என்ற குழந்தைகளுக்கான சொட்டு மருந்தின் மூல வைரஸ் டெல்லியில் பச்சிளம் குழந்தைகளிடம் கிடைத்தது. அதன் 11 துண்டுகளில் பத்து மனித ரோட்டாவுடையவை, ஒன்று மாட்டினுடையது. நோய் தராத அந்தக் கலப்பினம் 2016 முதல் நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் குழந்தைகளைக் காக்கிறது. உருமாற்றம் என்றாலே கேடு என்று எண்ண வேண்டாம். பன்றியின் டிஜிஇ வைரஸும் இப்படித்தான்: அதன் கூர்ப்புரதத்தில் ஒரு பெரிய துண்டு உதிர்ந்துபோன வகை 1984இல் பெல்ஜியத்தில் தென்பட்டது. குடலை விட்டுவிட்டு மூச்சுக்குழாய்க்குக் குடிபோன அது, பன்றிகளுக்குப் பெரிய தீங்கு செய்யாமல் டிஜிஇக்கு எதிரான எதிர்ப்புச் சக்தியை இலவசமாக ஊட்டிவிட்டுப் போனது. ஐரோப்பாவில் டிஜிஇ அடங்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

உங்களுக்கு இதில் பயன் எங்கே என்றால், தடுப்பூசிக் கேள்வியில். வெளிநாட்டுப் பன்றி ரோட்டா தடுப்பூசி குறிப்பிட்ட சில ஜி வகைகளை மட்டும் வைத்துச் செய்தது. உங்கள் அறையில் இன்று இருப்பது ஜி4. ஆறு மாதம் கழித்து வேறொன்று இருக்கலாம், அல்லது அந்தத் தடுப்பூசியில் இடமே இல்லாத சி வகை இருக்கலாம். உயிருள்ள தடுப்பூசியை மத்திய அரசின் அனுமதியில்லாமல் தனியார் யாரும் வரவழைக்க முடியாது. 'நான் கொண்டுவந்து தருகிறேன்' என்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

குடலை அரைத்துக் கொடுப்பது

காணொளியில் காட்டியது பொய்யல்ல. நோயுற்ற குட்டியின் சாணத்தையோ குடலையோ சினைப்பன்றிக்குக் கொடுத்தால் அதன் பாலில் எதிர்ப்புப் பொருள் ஊறும். அமெரிக்கப் பெரும் பண்ணைகளில் இதைச் செய்கிறார்கள். அங்கே பன்றிக் காய்ச்சலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் இல்லை. இங்கே ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாம், அருணாசலப் பிரதேசத்தில் தொடங்கி, 2022இல் வயநாட்டுக்கு வந்து, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை எட்டிவிட்டது. எதனால் இறந்தது என்று உறுதியாகத் தெரியாத குட்டியின் குடலை அரைத்துப் பண்ணை முழுவதும் ஊட்டுவது, வீட்டுக்கு யார் வைத்த தீ என்று தெரியாமல் கொள்ளிக்கட்டையை அறை அறையாக எடுத்துப் போவதுபோல. செய்யாதீர்கள்.

அதற்குப் பதிலாக, அடுத்து வாங்கும் இளம் பன்றிகளை முதலில் ஒரு மாதம் தனியே கட்டி வையுங்கள். நோய் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, சினைக் காலத்தின் நடுப்பகுதியிலேயே உங்கள் பழைய பன்றிகளோடு வேலி ஒட்டிப் பழக விடுங்கள். உங்கள் பண்ணைக் கிருமியை அவை மெல்லச் சந்தித்துக்கொள்ளும். நிறைமாதத்தில் கொண்டுவந்து இறக்கினால் பாலில் எதிர்ப்புப் பொருள் சேர அவகாசம் இல்லை.

விற்றவர் மீது உங்கள் கணவருக்குள்ள கோபத்துக்கும் இதுவே பதில். நோயை அந்தப் பன்றிகள் கொண்டுவந்திருக்கலாம். உங்கள் பண்ணைக் கிருமிக்கு அவற்றின் குட்டிகள் பலியாகியும் இருக்கலாம். நோட்டைப் பார்த்தால் இரண்டாவதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முதல் சுற்றில் அவற்றுக்குப் பக்கத்து அறையிலேயே இருந்த பழைய பன்றிகளின் குட்டிகள் தப்பியிருக்கின்றனவே. அவருடைய பண்ணை ரோட்டாவின் மரபணுவையும் உங்களுடையதையும் ஒப்பிடாமல் எதையும் நிறுவ முடியாது. ஒன்றாகவே இருந்தாலும் அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அது சொல்லாது. வழக்குக்குச் செலவழிக்கும் பணத்தில் நான்காம் அறையின் தரையைப் பூசிவிடலாம்.

நாத்தனாரும் குழந்தையும்

இந்த நான்கில் மனிதருக்கு வரக்கூடியது என்று பார்த்தால் ரோட்டா. பன்றியுடையதை ஒத்த ஜி4 பி6 வகை ரோட்டா அரிதாகச் சில குழந்தைகளிடம் கண்டறியப்பட்டிருக்கிறது. குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்து போட்டிருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். பண்ணைச் செருப்பு வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. கையைச் சோப்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். ரோட்டாவைச் சோப்பு கொல்லாவிட்டாலும் கையிலிருந்து கழுவி விலக்கிவிடும்.

கர்ப்பிணி விஷயத்தில் நான் நினைப்பது அறிக்கையிலேயே இல்லாத வேறொரு வைரஸ்: கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் ஈ. பன்றிகளில் சாதாரணமாக இருக்கும், பன்றிக்கு ஒன்றும் செய்யாது. கர்ப்பிணிக்கு, அதிலும் கடைசி மூன்று மாதத்தில், இந்தியாவில் மனிதரிடையே பரவும் ஈ வைரஸ் உயிருக்கே ஆபத்தானது. அதைக் கேட்டுப் பதற வேண்டாம். நம் நாட்டில் மனிதருக்கு வருவது ஒன்றாம் மரபணு வகை. அது கழிவுநீர் கலந்த குடிநீரால் வருகிறது. பன்றிகளில் இருப்பது நான்காம் வகை. இரண்டும் உறவினர்கள், ஒருவரல்ல. ஆனால் நான்காம் வகையும் மனிதருக்குத் தொற்றக்கூடியதே. ஆகவே பிரசவம் வரை அவர் சாணம் அள்ள வேண்டாம், அறை கழுவ வேண்டாம், ஈற்றுக்கு உதவ வேண்டாம். கொதிக்கவைத்து ஆறிய நீரைக் குடிக்கட்டும். பன்றி ஈரலை நன்றாக வேகவைக்காமல் வீட்டில் யாரும் உண்ண வேண்டாம். சாணக் குழி ஆழ்துளைக் கிணற்றுக்கு 'பக்கத்திலேயே' இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வைரஸ் பெயர்களைவிட என்னை அதிகம் உறுத்திய சொல் அதுதான். மழைக்கு முன் குழியை மாற்றுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

பக்கத்துப் பண்ணைக்காரர் கொடுத்த கொலிஸ்டின் பொடியை நிறுத்துங்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் அரசு 2019 ஜூலையிலேயே தடை செய்துவிட்டது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்து அது. வைரஸையோ காக்சிடியாவையோ அது தொடக்கூடச் செய்யாது.

கழியும் குட்டி சாவது நீர் வற்றியும் குளிர்ந்தும்தான். மருந்துக் கடையில் விற்கும் உலகச் சுகாதார நிறுவன அளவிலான ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, தாழ்வான தட்டில் நாளுக்கு நான்கைந்து முறை புதிதாக வையுங்கள். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வார்கள்; நிறுத்தாதீர்கள். முதல் வாரக் குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வரை சூடு வேண்டும். குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்தால் குளிர்கிறது என்று பொருள், பல்பைத் தாழ்த்துங்கள்.

அடுத்த ஈற்றில் பக்கத்திலேயே இருங்கள். ஒரு குட்டிக்கு முதல் நாளில் 250 கிராம் சீம்பால் உள்ளே போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு குட்டி போட்ட ஈற்றில் பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் கூடையில் மூடி வைத்து, சின்னவற்றை முதலில் குடிக்க விடுங்கள், பிறகு மாற்றுங்கள். அறைக்கு அறை குட்டிகளை மாற்றிவிடும் பழக்கம் இருந்தால், கழிச்சல் அடங்கும்வரை வேண்டாம்.

அறையைக் காலி செய்ததும் முதலில் காய்ந்த சாணத்தைச் சுரண்டி எடுங்கள். லிட்டருக்கு 40 கிராம் சலவைச் சோடா கலந்த சுடுநீரை ஊற்றி ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தரை கண்ணுக்குச் சுத்தமான பிறகுதான் கிருமிநாசினி. காய்ந்ததும், கோழிப்பண்ணைக்காரர்களிடம் இருக்கும் ஃபிளேம் கன்னை இரவல் வாங்கித் தரையையும் மூலைகளையும் சுட்டெடுங்கள். காக்சிடியா முட்டைக்கு நெருப்பும் ஈரமில்லாமல் காய்வதும்தான் எமன். விரிசலைப் பூசி, சுண்ணாம்பு அடித்து, குறைந்தது ஐந்து நாள் காலியாகக் காயவிடுங்கள். ஆறு அறைகளையும் ஒரே நேரத்தில் காலி செய்ய உங்களால் முடியாது. மூன்று மூன்றாகச் செய்யலாம். வேலை செய்யும்போது நல்ல அறையில் தொடங்கி, கழிச்சல் அறையில் முடியுங்கள்.

ஹோட்டல் கழிவு போடுவதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி ஆறவைக்காமல் ஒரு வாளிகூடப் போடாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பண்ணைக்குள் நுழையும் பெரிய வாசல் அது. பெரிய பன்றிகளுக்குக் கடும் காய்ச்சல், தீவனம் மறுப்பு, காதும் வயிறும் சிவத்தல், திடீர்ச் சாவு என்று எதைக் கண்டாலும் அன்றே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அது உரிமையாளரின் கடமை. 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

கடைசியாக மாதிரி எடுப்பது. அடுத்து கழிச்சல் தொடங்கும்போது, தொடங்கிய 24 மணி நேரத்துக்குள், நோயுள்ள மூன்று ஈற்றிலிருந்தும் நல்ல இரண்டு ஈற்றிலிருந்தும் சாணம் எடுத்துத் தனித்தனிக் குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் வையுங்கள். அதே ஈற்றுகளிலிருந்து மூன்று நாள் கழித்து இன்னொரு முறை எடுங்கள். காக்சிடியா முட்டை கழிச்சல் தொடங்கிய அன்று தெரியாமல், சில நாள் கழித்துத் தெரிவதுண்டு. அனுப்பும் தாளில் 'ரோட்டா ஏ, பி, சி, காக்சிடியா, ஈகோலை' என்று நீங்களே எழுதிக் கேளுங்கள். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவின் மூலம் அனுப்பலாம். கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நேரிலும் கொண்டுபோகலாம். காக்சிடியா உறுதியானால் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் ஒரே முறை வாயில் ஊற்றும் 'டோல்ட்ராசுரில்' என்ற மருந்து இருக்கிறது. உங்கள் மருத்துவர் எடைக்கு ஏற்ப எழுதித் தருவார்.

நோட்டில் இனி இரண்டு பத்திகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்: அறை எத்தனை நாள் காலியாக இருந்தது என்பதற்கு ஒன்று, தாய்க்கு அது எத்தனையாவது ஈற்று என்பதற்கு ஒன்று. அடுத்த ஆறு ஈற்றுகள் முடிந்ததும் அந்தப் பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.